அபிஷேகம் முடிந்து அரை நாள் லீவு

எங்கள் அலுவலக நிர்வாகப் பிரிவின் பெருமைமிகு தர்மகர்த்தாக்களே, வணக்கம்.

நேற்றுக் காலை அடியேனுக்கு நடந்த அபிஷேகத்தைத் தாங்கள் கேமராவில் கண்டு களித்திருப்பீர்கள். வேளச்சேரியிலிருந்து கிண்டிக்கு 5 கிலோமீட்டர் மிதித்து வந்தேன். முதல் கால பூஜையை வடகிழக்குப் பருவமழை வீட்டு வாசலிலேயே முடித்துவிட்டது. விஜயநகர் தாண்டும்போது ஒரு தண்ணீர் லாரி பள்ளத்தில் இறங்கி, தலை முதல் கால் வரை சேற்றில் சந்தனக்காப்பு சாத்திவிட்டுப் போனது.

“ரெயின்கோட் போட்டிருக்கலாமே சார்” என்றார் எச்.ஆர். அம்மையார். போட்டுத்தான் வந்தேன், தாயே. ரப்பர் வைத்த மழைத்துணிக்கு சார்லஸ் மெக்கின்டாஷ் காப்புரிமை வாங்கிய ஆண்டு 1823. சைக்கிளுக்குப் பெடலே வராத காலம். அதைப் போட்டுக்கொண்டு சென்னைப் புழுக்கத்தில் மேம்பாலம் ஏறும் பாக்கியம் அவருக்கு வாய்க்கவில்லை. வெளித்தண்ணீர் உள்ளே வராது, உள்தண்ணீர் வெளியே போகாது. மேலே மழை அபிஷேகம், உள்ளே வியர்வை அபிஷேகம்.

சன்னிதிக்கு வந்தால், பெருவிரலை மெஷின் ஏற்கவில்லை. ஊறிய விரல் சுருங்குவது நரம்பின் வேலையாம். ஈரத்தில் பிடி வழுக்காமல் இருக்க உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு என்கிறார்கள். பிடி வழுக்கவில்லை, வருகைப்பதிவுதான் வழுக்கியது. டைல்ஸ் நனையக் கூடாதென்று செக்யூரிட்டி அண்ணன் ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு நிற்கச் சொன்னார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், உத்தரவு தங்களுடையது. நாற்பது நிமிடம் உற்சவராக நின்றேன். தரிசிக்க வந்தவர்களில் என் டீம் லீடரும் ஒருவர். விரல் காய்ந்து மெஷின் மனமிரங்கியபோது மணி பத்தே கால். அரை நாள் லீவு!

பசுமை வாரத்தில் இதே சைக்கிளோடு என்னை வாசலில் நிறுத்திப் படமெடுத்தவர்களும் தாங்களே. அன்று நல்ல வெயில். அந்தப் படம் இன்னும் லிஃப்ட் பக்கத்தில் சிரிக்கிறது. சைக்கிளோ ஜெனரேட்டர் ஓரம் திறந்தவெளியில் நிற்கிறது. ஸ்பாஞ்சு சீட் மழையைக் குடித்து வைத்திருந்து, சாயங்காலம் உட்கார்ந்ததும் திருப்பித் தரும். இது அர்த்தஜாம அபிஷேகம். அதற்காகத் துணிக்கடைப் பையைச் சீட்டில் கட்டி வைத்தேன். வளாகத்தின் அழகு கெடுகிறதென்று அதையும் உருவிவிட்டார்கள்.

ஒன்று கேட்கிறேன். காருக்குள் உட்கார்ந்து வருகிறவன் நனைவதே இல்லை. அவனுக்கு பேஸ்மென்ட். நனைந்து வருகிறவனுக்கு வானம். ஏற்கெனவே கூரை உள்ளவனுக்குத்தான் கூரை போடுவீர்களா? நாலு தகர ஷீட்டும், சட்டை மாற்ற ஒரு மூலையும், ஒரு கொக்கியும் என்ன விலை? வருகைப்பதிவு நோட்டு ஒன்றும் ஒரு பேனாவும்கூடவா கட்டுப்படியாகாது? நான் தாமதமாக வரவில்லை ஐயா. ஒன்பதரைக்கே வந்து, உங்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

குரல் உயர்ந்திருந்தால் மன்னிக்கவும். ஈரச் சாக்ஸ் செய்யும் வேலை அது. தங்கள் பெருங்கருணையில் எனக்கு ஐயமில்லை.

தெற்கே மறுபடி கறுக்கிறது. நாளை அபிஷேகத்துக்கும் ஒன்பதரைக்கே ஆஜராகிவிடுவேன். அட்டைப்பெட்டி மட்டும் புதிதாக ஒன்று எடுத்து வைக்கச் சொல்லுங்கள். நேற்றையது என் காலடியிலேயே கரைந்துவிட்டது.

இப்படிக்கு,
தங்கள் உற்சவ மூர்த்தி
(அரை நாள் மட்டும்)