மணல் தட்டு

அன்று எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு இரண்டே பெயர்கள்: மக்கு, சோம்பேறி. என் வகுப்பில் ஒருவன் இரண்டையும் சுமந்தான். அவன் அப்பாவின் காய்கறிக் கடையில் முக்கால் கிலோ கத்தரிக்காய்க்கும் கால் கிலோ மிளகாய்க்கும் மனக்கணக்காக விலை சொல்லி, மீதிச் சில்லறையும் சரியாகக் கொடுப்பான். சிலேட்டில் நூற்று ஐந்து எழுதச் சொன்னால் 1005 என்று எழுதுவான். காதில் விழுந்தபடியே எழுதினான்: நூறு, பிறகு ஐந்து. இடமதிப்புப் புரியவில்லை என்பதை அந்தத் தவறே சொல்லிக்கொண்டிருந்தது. கிடைத்தது பிரம்படி. ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டான்.

இன்று நான் தொடக்கப் பள்ளி ஆசிரியை. 1005 என்று எழுதும் பிள்ளையிடம் பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளைத் தருகிறேன். பத்துக் கட்டுகளைச் சேர்த்து நூறாக்குகிறான். தள்ளி, ஐந்து உதிரிக் குச்சிகள். நடுவில் பத்துக்கட்டு எதுவும் இல்லை என்று கையால் தொட்டுப் பார்த்தபின் பூஜ்யம் அங்கே வந்து உட்காருகிறது.

எழுத்தில் சிக்கல் வேறு. ‘கெ’யில் கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஓசையோ பின்னால் வருகிறது. ‘கொ’வில் இருபுறமும் குறி. சரளமாக வாசிக்கும் நம் கண்ணுக்கு இதெல்லாம் படுவதே இல்லை. ஏழு வயதில் திணறுகிறவனுக்கு இதுதான் மலை. மணல் தட்டில் விரலால் எழுதவைத்து, எழுதும்போதே வாய்விட்டுச் சொல்லவும் வைக்கிறேன். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில்தான் எழுதத் தொடங்கினார்கள். நாங்கள் படித்தபோது மணல் போய்விட்டது, பிரம்பு இருந்தது.

2022இல் வந்த தமிழக அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தது. அவரவர் நிற்கும் இடத்திலிருந்து தொடங்கலாம் என்பது எனக்குப் பெரிய ஆறுதல். ஆனாலும் அரும்பிலேயே தங்கிவிடும் பிள்ளைகள் உண்டு. “வீட்டிலே அடிச்சும் பாத்துட்டேன் டீச்சர்” என்று ஓர் அம்மா அழுதார். டிஸ்லெக்சியா என்னும் கற்றல் குறைபாடு அடித்தால் போய்விடாது என்று அவருக்கு விளக்க ஒரு மாலை முழுவதும் ஆனது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் ஏற்றுக்கொண்டது. பத்தாம் வகுப்புத் தேர்வில் கூடுதல் நேரம் உண்டு, சொல்வதை எழுத ஆளும் உண்டு. நல்லதுதான். ஆனால் அந்தப் பிள்ளைக்கு உதவி வேண்டியது இரண்டாம் வகுப்பில். ஒரே சிறப்பாசிரியரைப் பல பள்ளிகளுக்கு ஓடவிடாமல், வாரத்தில் சில நாளாவது எங்கள் பிள்ளைகளோடு உட்காரவிடுங்கள்.