ஜன்னலை அடைத்துவிட்டு எழுதிய சாசனம்

கேள்வி: அமெரிக்க அரசியல் சாசனத்தை ரகசியமாகவா எழுதினார்கள்?

பதில்: ஆமாம். 1787 கோடையில், பிலடெல்பியாவில், கதவு ஜன்னலை அடைத்து, வாசலில் காவல் போட்டு, மாநிலங்களின் பிரதிநிதிகள் ஏறக்குறைய நாலு மாதம் வாதாடினார்கள். வெளியே மூச்சு விடக்கூடாது! அந்தப் பிரதிநிதிகளில் ஒருவரான ஜேம்ஸ் மேடிசன் முன்னால் உட்கார்ந்து அன்றாடம் எடுத்த குறிப்புகள் அச்சேறியது 1840இல், அவர் மறைந்த பிறகு. ரகசியம் நல்லதே என்பேன். கைதட்டலுக்குப் பேச வேண்டியிராததால் பலரால் மனம் மாற முடிந்தது. ஆனால் அதே அறையில்தான் ஐந்து அடிமைகளை மூன்று பேராகக் கணக்கிட்டு, தென் மாநிலங்களுக்கு நாடாளுமன்றத்தில் கூடுதல் இடங்களைக் கொடுத்தார்கள். அந்த ஐவருக்கும் ஓட்டு ஒன்றுகூடக் கிடையாது. மன்னிக்கவே முடியாத பேரம் அது! மாநாட்டுக்கு வந்தவர்கள் 55, கையெழுத்திட்டவர்கள் 39. குடிமக்களின் உரிமைப் பட்டியல் எங்கே என்று கேட்டு வந்தவர்களில் ஒருவரான ஜார்ஜ் மேசன் கையெழுத்திட மறுத்துவிட்டார். அவர் கேட்டது 1791இல் பத்துத் திருத்தங்களாக வந்து சேர்ந்தது.