எல்லாம் சூட்டுக்கோளாறு

தை மாசத்தில் புல் வெள்ளையாய் உறைந்து கிடக்கும் நுவரெலியாவில் ஒரு ஆம்பளைக்கு ஒன்றுக்குப் போகும்போது எரிந்தால், காரணம் தயாராக இருக்கும்: உடம்புச் சூடு. 1,868 மீட்டர் உயரத்துக்கு அந்தச் சூடு எப்படி ஏறி வந்தது என்று கேட்டால் கோபம் வரும். வெந்தயம் ஊறப்போட்டுக் குடிப்பார். சில வாரங்களில் எரிச்சல் தணிந்தாலும் தணியும். சூடு இறங்கிவிட்டது என்பார். எரிச்சலுக்குக் காரணம் கொனோரியா என்ற பாலியல் நோயாக இருந்தால், அதன் கிருமி அப்போதுதான் உள்ளே ஏறிக்கொண்டிருக்கும்.

துரைமாரும் சளைத்தவர்கள் இல்லை. 1829இல் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் நுவரெலியாவை வெள்ளைக்காரர்கள் உடம்பு தேற்றும் இடமாக்கினார். கீழ்நாட்டு வெக்கைதான் பாதி வியாதிக்கு மூலம் என்பது அவர்கள் நம்பிக்கை. அவர்களும் சூட்டைத்தான் பழித்தார்கள். ஆங்கிலத்தில் பழித்ததால் அது மருத்துவமானது.

சீமையில் கூத்து இன்னும் பெரிது. 1767இல் லண்டன் மருத்துவர் ஜான் ஹன்ட்டர், வெட்டை எனப்படும் கொனோரியா நோயாளி ஒருவரின் சீழை எடுத்து ஒரு ஆணுறுப்பில் குத்தி ஏற்றினார். அது ஹன்ட்டருடையதேதானா, வேறு யாரோ அப்பாவியுடையதா என்று இன்றைக்கும் சண்டை ஓய்ந்தபாடில்லை. சீழ் கொடுத்தவருக்குச் சிபிலிசும் இருந்திருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து தலைகாட்டின. ஆக இரண்டும் ஒரே நோய் என்று தீர்ப்பெழுதிவிட்டார் ஹன்ட்டர். 1838இல் பாரிசின் பிலிப் ரிகோர் வந்து பிரித்துவைக்க வேண்டியிருந்தது. மருந்து பாதரசம். வாயில் எச்சில் வழிந்தால் மருந்து பிடிக்கிறது என்று மகிழ்ந்தார்கள். நம்மூர் வைத்தியர்களும் கிரந்தி என்ற சிபிலிசுக்குப் பாதரசம்தான் கொடுத்தார்கள். இதிலாவது இரு தரப்பும் சம்பந்திகள்.

1869இல் இலங்கையின் கோப்பி இலையில் துரு நோய் விழுந்தது. தோட்டங்களே ஆட்டம் கண்டதும் மார்ஷல் வார்ட் என்ற தாவரவியலாளர் 1880இல் வந்திறங்கினார். இரண்டு வருசம் இலையைப் புரட்டி, பூஞ்சை பரவும் விதத்தை ஆராய்ந்தார். அவர் வந்திறங்கியதற்கு முந்தின வருசம்தான் ஜெர்மனியில் ஆல்பர்ட் நைசர் கொனோரியாக் கிருமியைக் கண்டுபிடித்திருந்தார். வார்டின் நுண்ணோக்கியைத் துரையின் காற்சட்டைப் பக்கம் திருப்ப யாரும் உத்தரவிட்டதாகத் தெரியவில்லை.

பிற்காலத்தில் தோட்டங்களுக்கு வரும் கூலிகளைத் தமிழ்நாட்டுக் கரையில் மண்டபம் முகாமில் நாட்கணக்கில் மறித்துவைத்து, கொள்ளைநோய் ஏதும் இல்லையென்று பார்த்த பிறகே கப்பலேற்றினார்கள். முதல் வகுப்பில் வந்த சின்னதுரைக்கு மண்டபமும் இல்லை, முகாமும் இல்லை.

தோட்டத்து லயத்துக்குள் வேறொரு நீதிமன்றம். பிள்ளை இல்லையா? ஆட்கள் கூடும் பிரட்டுக்களமே சொல்லிவிடும்: அவள் மலடி. கதிர்காமம் வரை நேர்த்தி வைப்பாள். புருசனுக்கு இரண்டாம் தாரம் பார்ப்பார்கள். அவளும் பெறாவிட்டால் அவளும் மலடி! குறை புருசனிடமும் இருக்கலாம். விரையின் பின்புறம் சுருண்டு கிடக்கும் மெல்லிய குழாயை, வைத்தியம் பார்க்காத கொனோரியாவோ கிளமிடியாவோ புண்ணாக்கி, தழும்பால் அடைத்துவிடலாம். இரு பக்கமும் அடைபட்டால் விந்து வரும், விந்தணு வராது. மீசைக்கு ஒரு குறையும் இருக்காது. வண்டி ஓடும், சரக்கு வராது.

தாயிடமிருந்து பிள்ளைக்குச் சிபிலிஸ் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று தந்தது. அதற்குக் கை நீட்டிப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தவர்கள் கர்ப்பிணிப் பெண்கள். ஆம்பளைக்கும் அரச பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையம் இருக்கிறது. காசு இல்லை, ரகசியம் உண்டு. கிருமியைக் கொல்ல ஊசி மாத்திரை போதும். பெண்சாதிக்கும் சேர்த்து மருந்து எடுக்காவிட்டால் திரும்பவும் தொற்றும். அதை வீட்டில் போய்ச் சொல்ல மட்டும் நம்மவருக்கு ஒரு கங்காணி தேவைப்படுகிறார்.