இமயமலை ஏன் நடுங்குகிறது?

கேள்வி: கண்டங்கள் மோதி இமயமலை எழுந்தாயிற்று. பிறகும் அங்கே பூமி ஏன் அதிர்கிறது?

பதில்: மோதி சுமார் 5 கோடி ஆண்டுகள் ஆகியும் இந்தியத் தட்டு பிரேக் போடவில்லை. ஆசியாவை நோக்கிய அதன் நகர்வில் ஆண்டுக்குச் சுமார் 2 செ.மீ. இமயமலைக்குள்ளேயே அடங்கியாக வேண்டும். மலைக்கடியில், வடக்கே சரிந்திறங்கும் பெரும் பிளவுப்பரப்பில் பாறைகள் பூட்டிக்கொள்வதால் இறுக்கம் நூற்றாண்டுகளாகச் சேர்கிறது. பூட்டு விட்டால் சில நொடிகளில் பல மீட்டர் நழுவல்.

2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தில் நடந்தது அதுவே. நிலநடுக்கத்தின் அளவு 7.8; ஏறத்தாழ 9,000 பேர் மாண்டனர். காத்மாண்டு நிலப்பரப்பு சுமார் 1 மீட்டர் உயர்ந்தது, வடக்கே உயர்மலைப் பகுதி சற்றுத் தாழ்ந்தது! ஆனால் முறிவு தரைமட்டத்தை எட்டாமலே நின்றுவிட்டது. கவலைக்குரிய செய்தி இதுதான்: காத்மாண்டுக்குத் தெற்கே, பிளவின் மேற்பகுதியில் பூட்டு இன்னும் விடவில்லை.