குட்டி காரும் கொல்லிமலையும்

கேள்வி: வார இறுதிக்கு ஒரு குட்டி ஸ்போர்ட்ஸ் காரை வாடகைக்கு எடுத்துக் கொல்லிமலை போகப்போகிறேன். "இத்தனூண்டு வண்டி என்னத்தை இழுக்கும்?" என்கிறாரே என் மாமனார்?

பதில்: 1964 மான்டி கார்லோ ராலியில் பெரிய வி8 எஞ்சின் பூட்டிய ஃபோர்டு ஃபால்கனை இரண்டாம் இடத்துக்குத் தள்ளியது, வெறும் 1,071 சி.சி. மினி கூப்பர். கார் சிறுத்தாலும் காரம் போகாது! மாமனாரையே முன் இருக்கையில் உட்கார வையுங்கள். 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் உங்கள் வேகம் அளவோடு இருக்கும்.

சாவியை வாங்கும் முன் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருந்தால்தான் நாமே ஓட்டிச் செல்லும் வாடகைக் காருக்கு அனுமதி உண்டு. வெள்ளைப் பலகை என்றால் எடுக்காதீர்கள்; விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடலாம்.