மண் பரீட்சை

இயேசு சொன்ன விதைக்கிறவன் உவமையை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்களில் ஒருவர்கூட ஒரு பிடி நெல்லை மண்ணில் வீசியவர் இல்லை. கேட்டுக்கொண்டிருந்த நாங்களும் அப்படியே. சிங்கப்பூரில் தேக்காவைச் சுற்றி வளர்ந்த பிள்ளைகளுக்கு உழவும் கால்நடையும் தெருப்பெயர்ப் பலகையோடு முடிந்துபோன சமாச்சாரம். கெர்பாவ் ரோடு உண்டு, பஃபலோ ரோடு உண்டு, பெலிலியோஸ் என்ற மாட்டு வியாபாரியின் பெயரிலும் ஒரு ரோடு உண்டு, மாட்டைத்தான் காணோம். நெல்லைப் படத்தில் பார்த்திருந்தோம். கடுகு மளிகைக்கடைப் பொட்டலத்தில் விளைந்தது.

கோயில்களுக்கு மட்டும் குறைவில்லை. ஷார்ட் ஸ்ட்ரீட்டில் தமிழ் மெதடிஸ்ட் சபை, ஆஃபீர் ரோட்டில் 1888இல் எழும்பிய லூர்து அன்னை ஆலயம், டோர்செட் ரோட்டில் ஆங்கிலிக்கன்காரர்கள். எங்களுடையது எது என்று சொல்லப்போவதில்லை. ஞாயிறு பள்ளி டீச்சரம்மாவின் பேரப்பிள்ளைகள் தமிழ் வாசிப்பார்கள்.

டீச்சரம்மாவிடம் ஒரு ஃபிளானல் போர்டு இருந்தது. கறுப்புத் துணியில் வழி, சாம்பல் துணியில் பாறை, பச்சையில் முள், காப்பி நிறத்தில் நல்ல நிலம். கதை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். மீதி நேரமெல்லாம் ஒரே கேள்விக்கு: "நீ எந்த நிலம்?"

ஒவ்வொருவராக எழுந்து நின்று சொல்ல வேண்டும். நல்ல நிலம் என்று சொன்னால் பெருமை; பெருமை பாவம். வழி என்று சொன்னால் சாத்தான் வந்து கொத்திக்கொண்டு போன கேஸ். வீட்டுக்குச் செய்தி போய்விடும். ஆகவே வகுப்பு முழுவதும் பாறையாகவும் முள்ளாகவும் பிரிந்து உட்கார்ந்திருந்தது. முள் என்று சொன்னவர்களுக்குக் கொஞ்சம் மதிப்பு அதிகம். உலகக் கவலையால் நெருக்கப்படுகிறவர்கள் அல்லவா! எங்களுக்கு வயது ஒன்பது. நான் பாறை. டீச்சரம்மா அதை நோட்டுப்புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

1980களின் தொடக்கம் அது. 1979இல் வெளிவந்த கோ கெங் சுவீ அறிக்கையை ஒட்டி, தொடக்கநிலை மூன்றாம் வகுப்பு முடிவில் பிள்ளைகளை நார்மல், எக்ஸ்டெண்டட், மோனோலிங்குவல் என்று பிரிக்கத் தொடங்கியிருந்தார்கள். உயர்நிலைக்குப் போனால் ஸ்பெஷல், எக்ஸ்பிரஸ், நார்மல். வாரநாளில் அரசாங்கம் பிரித்தது. ஞாயிற்றுக்கிழமை ஆண்டவர் பிரித்தார். இரண்டுக்கும் வேறுபாடு இருப்பதாக எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நல்ல நிலத்துக்குள்ளேயே முப்பது, அறுபது, நூறு என்று பலன் சொல்லியிருப்பது எங்கள் பெற்றோர்களுக்கு மிகவும் பிடித்த பகுதி. முப்பது என்றால் ஃபெயில் என்றே வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு வளர்ந்து, முள் நிலத்துக்குப் பதவி உயர்வு பெற்றேன். வீட்டுக்கடன், பிள்ளைகளின் டியூஷன், மேலதிகாரியின் ஆண்டு மதிப்பீடு. பிரசங்கத்தில் அந்த உவமை வரும்போதெல்லாம் முள்ளின் பகுதியில் தலைகுனிவதும், ஆமென் சொல்வதும், மதியம் பிரியாணிக்கு வரிசையில் நிற்பதும் பழகிவிட்டது.

பள்ளிகளில் இன்று நிலவரம் வேறு. 2024இல் உயர்நிலை ஒன்றுக்குப் போன பிள்ளைகளிலிருந்து எக்ஸ்பிரஸ், நார்மல் என்ற பிரிவுகளே கிடையாது. ஒரே பிள்ளை கணக்கை ஜி3 நிலையிலும் ஆங்கிலத்தை ஜி2 நிலையிலும் படிக்கலாம். பிள்ளைக்குக் குத்திய முத்திரையை எடுத்துப் பாடத்துக்குக் குத்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான் என்று முனகுகிறவர்கள் உண்டு. ஆனாலும் முன்னேற்றம்தான். எங்கள் ஞாயிறு பள்ளிக்கு அந்தச் சுற்றறிக்கை இன்னும் வந்து சேரவில்லை. ஃபிளானல் போன இடத்தில் புரொஜெக்டர் வந்திருக்கிறது. திரையில் அதே நான்கு நிலம், அதே கேள்வி. இப்போது கேட்பது நான்.

பிள்ளைகள்தான் மாறிவிட்டார்கள். போன தடவை ஒரு பையன் கையைத் தூக்கி, வழியில் விதை போட்டால் அது லிட்டரிங் என்றான். முதல் குற்றத்துக்கே 2,000 வெள்ளி வரை அபராதம். பறவை வந்து தின்றால், புறாவுக்குத் தீனி போட்ட குற்றம் தனி. விதைக்கிறவர் அந்த வரப்பைத் தாண்டுவதற்குள் இரண்டு வழக்கு. வகுப்பு சிரித்தது. ஆனால் சிரிப்புக்குள் கேள்வி இருந்தது: இவ்வளவு விதையை ஏன் அங்கே போய்ப் போட்டார்? சாப்பாட்டில் 90 விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்து வாங்கும் ஊரில் பிறந்த பையன். வீணாக்குவது அவனுக்குப் பொறுக்கவில்லை. என்னிடம் பதில் இல்லை.

பதில் ஒரு ஞாயிறு சாயங்காலம், தேநீர்க் கோப்பையோடு வந்தது. ஆராதனை முடிந்ததும் வெளிநாட்டு ஊழியர் விடுதிகளிலிருந்து வரும் தம்பிகளுக்கென்று சபையில் ஒரு கூடுகை உண்டு. அவர்களுக்கு அது நெரிசலான நாள். வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டும், முஸ்தபாவில் சாமான் வாங்க வேண்டும், சிராங்கூன் ரோட்டில் ஊர்க்காரரைப் பார்க்க வேண்டும். அதற்கிடையில் வந்து உட்காருகிறவர்களில் ஒருவர் ராமநாதபுரம் மாவட்டத்து முதுகுளத்தூர்ப் பக்கம். கட்டுமான வேலை. பையன் கேட்டதை அவரிடம் வேடிக்கையாகத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"எங்க ஊருல மொதல்ல வெதப்போம், அப்புறந்தானக்கா உழுவோம்" என்றார். "மானாவாரிப் பூமி. மழைக்கு முன்னாடி புழுதியில வெதச்சிட்டு ஏரை ஓட்டி மூடிருவோம். நடுவுல ஆளு நடந்து நடந்து தடம் விழுந்திருக்கும். அதும்மேலயும் விழத்தான் செய்யும். உழுதா அதுவும் வயலுதானே?"

"அப்ப முள்ளு?"

"சீமைக்கருவேலம் இல்லாத எடம் எங்க இருக்கு? வெட்டுனாத் தழைக்கும். வேரோட தோண்டி எடுத்து, கம்மாக் கரம்பைய வண்டி வண்டியா அடிச்சு, அதுல எங்கப்பா மொளகா போட்டாரு. நல்ல நெலம்னு தனியா ஒண்ணு எங்க கெடக்கு? ஆக்குறதுதான்."

ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த மிளகாயில் அவர் அப்பாவின் முள் நிலமும் சேர்த்தி. வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். விதைத்த பின்பே உழுவது பாலஸ்தீன வழக்கம், வழியில் விதை விழுந்தது கைத்தவறல்ல என்று ஜெர்மன் அறிஞர் யோவாக்கிம் எரேமியாஸ் தம்முடைய உவமைகள் நூலில் எழுதியிருக்கிறார். 1947இல் வந்த நூல். அப்படியில்லை என்று மறுத்த அறிஞர்களும் உண்டு. முதுகுளத்தூர்க்காரர் இரு தரப்பையும் வாசித்ததில்லை, ஏர் ஓட்டியிருக்கிறார்.

நல்ல நிலம் ஆக்கப்படுகிறது என்று நாங்களாகவே கண்டுபிடித்திருக்க வேண்டும் என்பதுதான் வேடிக்கை. மண்ணைச் செய்வதில் எங்கள் ஊரை மிஞ்ச ஆள் ஏது? 1960களில் ஏறத்தாழ 580 சதுர கிலோமீட்டராக இருந்த தீவு இப்போது 730ஐத் தாண்டிவிட்டது. ஈஸ்ட் கோஸ்ட்டில் பட்டம் விடும் இடம் கடலாக இருந்தது. பிடோக் பக்கத்துக் குன்றுகளை வெட்டிக் கொட்டி நிரப்பினார்கள். 2012இல் திறந்த கார்டன்ஸ் பை தி பே நிற்பதும் தூர்த்த கடலின் மேல்தான். அங்கே போய்ப் பூவைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பி, சபையில் உட்கார்ந்து, நான் பாறை, பிறவிப் பாறை என்று உருகிக்கொண்டிருந்திருக்கிறோம். டீச்சரம்மாவின் நோட்டுப்புத்தகத்தில் என் பெயருக்கு எதிரே இருந்தது அந்த வருஷத்து மண் பரிசோதனை முடிவு. அடுத்த வருஷம் யாராவது மறுபடி எடுத்திருக்கலாம்.

அன்றிலிருந்து மற்ற உவமைகளையும் அந்தக் கூடுகைக்குக் கொண்டுபோகிறேன். மாற்கு சுவிசேஷத்தில் ஒருவன் விதைத்துவிட்டுத் தூங்குகிறான், எழுகிறான். பயிர் எப்படி முளைத்தது என்று அவனுக்கே தெரியாது. ஆவிக்குரிய வளர்ச்சிக்கு ஐந்து படிகள் என்று அளவுகோலோடு பாடம் நடத்திய எங்கள் சபையில் அந்த உவமையைப் பிரசங்கமாகக் கேட்ட நினைவே எனக்கில்லை. தூங்குகிறவனை வைத்து என்ன பாடம் நடத்துவது? தம்பிகளுக்கு அதில் சிக்கலே இல்லை. "வெதச்சாச்சு, மழை பேஞ்சாச்சு, தூங்காம வெதையத் தோண்டித் தோண்டியா பாக்கமுடியும்?" என்றார் ஒருவர். எனக்கு அன்று இரவு நல்ல தூக்கம்.

காய்க்காத அத்திமரத்தில் மட்டும் தடுமாறினோம். மூன்று வருஷமாகக் கனி இல்லை, வெட்டு என்கிறார் சொந்தக்காரர். இந்த ஒரு வருஷம் விடுங்கள், கொத்தி எரு போடுகிறேன் என்கிறார் தோட்டக்காரர். பொறுமைக்குப் பாடம் என்று நான் தொடங்கினேன்.

"அவரு ஒர்க் பெர்மிட்டை ரினியூ பண்ணித் தரச் சொல்றாரு" என்றார் முதுகுளத்தூர்க்காரர். எல்லாரும் சிரித்தார்கள், இரண்டு வருஷத்துக்கொரு முறை அதே வரிசையில் நிற்கிறவர்கள். அவர் பைபிளை விரலால் தடவிக்கொண்டே மறுபடி வாசித்தார்.

"ஓனரு சரின்னு சொன்னாரா இல்லையான்னு லூக்கா எழுதலையேக்கா."

எழுதவில்லைதான். எத்தனையோ பிரசங்கத்தில் இதைக் கேட்டிருக்கிறேன். அந்தப் பதில் இல்லாததை எங்கள் போதகர்களில் யாரும் சொன்னதில்லை. அவர்களெல்லாம் நிரந்தரவாசிகள். இவருக்கு மார்ச் மாதம் பெர்மிட் முடிகிறது.