பெட்டிக்காரர்

காங்கேயத்தில் வருசம் ஒரே ஒரு தடவை பிறப்பதில்லை. ஊருக்கெல்லாம் ஜனவரி 1. பொங்கல் வைப்பவர்களுக்குத் தை 1. ஆடிட்டருக்கு ஏப்ரல் 1. பஞ்சாங்கத்துக்குச் சித்திரை 1. பண்ணையம் பார்ப்பவருக்கு ஆடி 18. போன வருசத்தை நின்று நிதானமாகத் திரும்பிப் பார்க்கவும், வருகிற வருசத்துக்குத் திட்டம் போடவும் இத்தனை வசதி உள்ள ஊரில், ஐந்தையும் ஒன்று விடாமல் பயன்படுத்திக்கொள்ளும் மனிதர் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். பெயர் தெருவுக்குத் தெரு மாறும். நாம் அவரைப் பெட்டிக்காரர் என்றே வைத்துக்கொள்வோம்.

பெட்டி எதுவென்று காங்கேயத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வெளியூர்க்காரர்களுக்காக: பக்கத்திலேயே சிவன்மலை. மேலே சுப்பிரமணிய சுவாமி கோயில். அங்கே தூணில் ஒரு கண்ணாடிப் பேழை இருக்கிறது. அதுதான் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி. பக்தர் ஒருவரின் கனவில் ஏதாவது ஒரு பொருள் வரும். அவர் கோயிலுக்கு வந்து சொல்வார். சாமியிடம் பூப் போட்டுக் கேட்டு உத்தரவு கிடைத்தால், அந்தப் பொருள் பெட்டிக்குள் போகும். இன்னொருவர் கனவில் இன்னொரு பொருள் வரும்வரை அதுவே இருக்கும். சில வாரத்திலும் மாறலாம், மாதக்கணக்கிலும் இருக்கலாம். உள்ளே இருக்கும் பொருளுக்கு வெளியே ஏதோ நடக்கப்போகிறது என்பது நம்பிக்கை.

ஆண்டவன் பொருளைக் காட்டுவதோடு சரி. பொழிப்புரை எழுதுவது நம்ம பெட்டிக்காரர்.

வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. ஊருக்கு வெளியே தேங்காய்க் களம் ஒன்று உண்டு. கிருத்திகை தவறாமல் மலையேறுவார். சாமிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பெட்டி முன்னால் கால் மணி நேரம் நிற்பார். இறங்கி டீக்கடைக்கு வந்தால் கூட்டம் தயாராக இருக்கும்.

"ஏனுங்ணா, பெட்டியில மஞ்சள் வெச்சிருக்குதாமா? என்னாகுமுங்க?"

"மஞ்சளுக்கு ஒரு சங்கதி இருக்குதுங்க."

"ஏறுமுங்களா, எறங்குமுங்களா?"

"அதாஞ் சொன்னனே, சங்கதி இருக்குது."

இந்தப் பதிலின் அருமை பிறகுதான் தெரியும். ஈரோட்டுச் சந்தையில் 2010இல் குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டிய மஞ்சள், 2012இல் 4,000 ரூபாய்ப் பக்கம் வந்து விழுந்தது. விலை ஏறி லாபம் பார்த்தவனிடமும் இறங்கி நட்டப்பட்டவனிடமும் பெட்டிக்காரர் ஒரே முகத்தோடு போய், "நாந்தான் சொன்னனுங்களே, சங்கதி இருக்குதுன்னு!" என்று சொல்ல முடிந்தது. பெட்டியில் தண்ணீர் வைத்த பிறகுதான் 2004 டிசம்பரில் சுனாமி வந்தது என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். அவரும் சொல்வார். ஆனால் அதுவரை அந்தத் தண்ணீருக்கு அவர் சொல்லிவந்த பலன், பவானிசாகர் அணை நிரம்பும் என்பது.

உலகத்தின் வருசத்தை இப்படித் துல்லியமாக அலசுகிறவர், தன் வருசத்தை எப்போது பார்க்கிறார்? அதற்கும் ஏற்பாடு உண்டு. டிசம்பர் கடைசியில் எண்ணெய் ஆலைக்காரர் கொடுக்கும் தினசரி காலண்டர் வந்ததும், நீளமான ஒரு குயர் நோட்டு வாங்குவார். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. கீழே 'வரவு', 'செலவு', 'வருகிற வருசம் செய்ய வேண்டியவை' என்று மூன்று தலைப்பு. ஸ்கேல் வைத்து, சிவப்பு மையில், அடிக்கோட்டோடு. அதோடு பேனாவை மூடிவிடுவார்.

"மார்கழியில எதையும் தொடங்கக் கூடாதுங்க. தை பொறக்கட்டும்."

தை பிறக்கும். ஆனால் சிவன்மலையில் தைப்பூசத் தேர் வந்துவிடும். தேர் மலையைச் சுற்றி வந்து நிலை சேரும்வரை ஒறம்பரை வந்து போகிற வீட்டில் நோட்டை விரிக்க முடியுமா? சரி, மார்ச் முடிவில் எப்படியும் கணக்கு முடித்தாக வேண்டும் என்பார். மார்ச் 31 அன்று ஒரு மஞ்சப் பை நிறையச் சீட்டுகளை ஆடிட்டர் ஆபீசில் கவிழ்த்துவிட்டு வருவார். தன் வரவு செலவை அங்கே யாரோ ஒரு பொண்ணு தெரிந்துகொள்கிறது என்பதில் அவருக்குப் பெரிய நிம்மதி.

அடுத்தது சித்திரை. கண்ணபுரம் மாட்டுச் சந்தை. இந்த வருசம் ஒரு ஜோடி காங்கேயம் காளை பிடித்துவிடுவது என்பதுதான் அவர் வாய்விட்டுச் சொல்லும் ஒரே திட்டம். சந்தையில் அவரைப் பார்க்க வேண்டும். திமிலைத் தடவுவார், பல்லைப் பார்ப்பார், சுழி பார்ப்பார். தரகரோடு துண்டுக்குள் கைவிட்டு விரல் பிடித்து வெகுநேரம் விலை பேசுவார். கடைசியில் கையை உருவிக்கொண்டு, "பார்க்கலாமுங்க, ஆடி வரட்டும்" என்று நகர்ந்துவிடுவார். தொண்டுப்பட்டியில் நிற்பது இன்றைக்கும் ஜெர்சி கலப்பும் எருமையும்தான். காங்கேயம் காளை அவர் செல்போன் திரையில் நிற்கிறது.

ஆடி 18 வந்ததும் விரல் விட்டு எண்ணுவார். "பாதி வருசம் போயிருச்சுங்களே! இனிமே போட்டு என்ன பிரயோசனம்? புது வருசத்துல பார்த்துக்கலாம்."

இப்படித் தள்ளிப்போட்டதற்கு விலை இல்லாமல் இல்லை. 2023இல் அரைவைக் கொப்பரைக்கு மத்திய அரசு வைத்த ஆதரவு விலை கிலோவுக்கு 108 ரூபாய் 60 காசு. சந்தையில் அதற்கும் வெகுவாகக் கீழே போனது. கையிருப்பு எவ்வளவு, கடன் எவ்வளவு, எத்தனை மாதம் தாங்கும் என்று எழுதிப் பார்த்திருந்தால், கொஞ்சத்தை அரசுக் கொள்முதலுக்காவது கொண்டுபோயிருப்பார். எழுதவில்லை, வந்த விலைக்குத் தள்ளினார். 2025இல் கொப்பரை கிலோ 200 ரூபாயைத் தாண்டி ஏறியபோது அவர் களத்தில் சிரட்டை மட்டும் கிடந்தது. அன்றைக்கும் டீக்கடையில் அவர்தான் பேசினார்: "எனக்கு அப்பவே தெரியுமுங்க."

அதே வீட்டில் இன்னொரு கணக்கு நடக்கிறது. அவருடைய சம்சாரம், காலண்டரில் கிழித்த தாள்களைச் சேர்த்துத் தைத்து வைத்திருக்கிறார். பின்பக்கத்தில் பென்சிலில் பால் ஊற்றிய லிட்டர், தவிட்டுக்கும் பருத்திக்கொட்டைக்கும் கொடுத்தது, சீட்டுப் பணம், நகைக்கடன் வட்டி. தலைப்பும் இல்லை, அடிக்கோடும் இல்லை. ஒரு நாள் பொழுதோட, பால் கறந்த கையைத் துடைத்துக்கொண்டு அந்தத் தாள்களைப் புரட்டியவர், "ஏனுங்க, எருமை ஒண்ணு வெறுமனே திங்குது. அதை வித்துட்டு ஒரு கெடேரி வாங்குனா ஐப்பசிக்குள்ள நகையத் திருப்பிரலாமுங்க" என்றார். போன வருசமும் வருகிற வருசமும் அதில் முடிந்துவிட்டன.

பெட்டிக்காரர் கொஞ்ச நேரம் யோசித்தார். "கெடேரி வாங்கறதுக்கு முன்னால மலைக்கு ஒரு எட்டுப் போயி, பெட்டியில என்ன இருக்குதுன்னு பார்த்துட்டு வந்தர்றனே" என்றார். அவர் திரும்புவதற்குள் எருமை விலை பேசி முடிந்திருந்தது.

பெட்டியைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. அதில் இருப்பதை ஆண்டவன் பார்த்துக்கொள்வார். உங்கள் வீட்டுப் பீரோவில் இருப்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். கடன் பத்திரத்தையும் நகைச்சீட்டையும் வெளியே எடுத்து, வட்டி எவ்வளவு, தவணை எப்போது என்று இன்றைக்கே எழுதிவிடுங்கள். அதற்கு மார்கழி, தை எல்லாம் பார்க்க வேண்டியதில்லை. காலண்டர் தாளின் பின்பக்கம் போதும்.